திக்காமல் பெய்யும் பனி

மே 2, சனி

இந்த வீட்டில் பிளாஸ்டிக் உறை போடாமல் இருப்பவை இரண்டுதான். என் கணவர், அப்புறம் நான். மற்றதெல்லாம் கடையிலிருந்து வந்த கோலத்திலேயே இருக்கிறது. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, டி.வி. ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு முழு நீளத்துக்கு உறை. கல்யாணத்துக்கு வாங்கிய மெத்தையில்கூடக் கடைக்காரர் சுற்றிக் கொடுத்தது அப்படியே இருக்கிறது. புரண்டு படுத்தால் சரக் சரக்கென்று சத்தம். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகிறது. நாற்பத்து நாலு வயதில் கழுத்தை நீட்டியவள் இதற்கெல்லாம் கூச்சப்படக் கூடாதுதான், ஆனாலும் பக்கத்து வீட்டில் நாத்தனார் இருக்கிறார்.

கேட்டால் ஒரே பதில்.

“தூத்துக்குடி உப்புக் காத்து வசு. தின்னுரும். உறைய எடுத்தேன்னு வையி, ஆறு மாசத்துல துருப்பிடிச்சு உக்காந்துரும்.”

“மெத்தையில என்னங்க துருப்பிடிக்கும்?”

“உள்ள ஸ்பிரிங் இருக்குல்லா.”

என் கணவர் செந்தூர்பாண்டியன் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறார். வருகிற சரக்கு நசுங்காமல், உறை கிழியாமல் வந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். அதைப் பார்த்துப் பார்த்து, உறை பிரிக்காத பொருள்தான் நல்ல பொருள் என்று மனதில் பதிந்துவிட்டது போலிருக்கிறது.

எனக்கு வேலை சென்னையில். வெளிநாட்டுத் தொடர்களுக்குப் படத்தின் அடியில் தமிழ் வரிகள் போடுகிற நிறுவனம். நீண்ட விடுப்பு முடிந்துவிட்டது. மேலாளர் ரெஹானா மேடம் நேற்று போனில் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

“வசுமதி, இந்த மாசம் ஒரு சீரியல் அனுப்பறேன், நாலு எபிசோட். வீட்டிலேர்ந்தே ஒழுங்கா முடிச்சுக் குடுத்தா, அங்கேயே இருந்து வேலை பாருங்க. சரியா வரலேன்னா ஜூன் ஒண்ணாம் தேதி நீங்க ஆபீஸ்ல இருக்கணும். இதுக்கு மேல மேலிடத்துல என்னால பேச முடியாது.”

எப்படி நடந்தாலும் எனக்கு ஒன்றுதான். சென்னை எனக்குப் புதிதா என்ன?

என் மூன்றாவது பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. அவர் பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து, செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறார். ஆனால் அந்தத் தட்டு எனக்குக் கொஞ்சம் உயரம்.

மே 4, திங்கள்

முதல் எபிசோட் வந்தது. மலை மேல் ஒரு சின்ன ஓட்டல், அதை நடத்தும் அண்ணன் தங்கை, எந்நேரமும் பனி. என் பழைய லேப்டாப்பில் போட்டேன். பனி பெய்யவில்லை, விக்கியது. கொஞ்சம் விழும், அந்தரத்தில் நிற்கும், பிறகு மொத்தமாகத் தொப்பென்று தரைக்கு வரும். மனிதர்கள் பேசி முடித்த பிறகு வாயைத் திறந்தார்கள்.

சின்ன அளவாக்கி அனுப்பச் சொல்லலாமே என்று அவர் கேட்டார். முடியாது. எங்கள் நிறுவனத்தில் ஒரு சட்டம் உண்டு: திரையில் எங்கே என்ன எழுத்து தெரிந்தாலும் தமிழில் வர வேண்டும். கடைப் பலகை, மருந்துப் புட்டி, சுவரில் ஒட்டிய நோட்டீஸ், எதுவும் தப்பக் கூடாது. அதனால் படம் துல்லியமாக, முழு அளவில்தான் வரும். அதோடு வரி சரியாக வாய் திறக்கும்போது தோன்ற வேண்டும், காட்சி மாறும்போது மறைய வேண்டும். படம் திக்கினால் சத்தம் முன்னால் ஓடும், நான் படத்தைப் பார்த்துக் குறிக்கிற நேரமெல்லாம் பிசகும்.

இதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். கன்டெய்னர் கதவைத் திறந்து பார்க்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

“அப்ப உனக்குப் புது கம்ப்யூட்டர் வேணும். கடையில செஞ்சு வச்சது வேண்டாம். சாமான் தனித்தனியா வாங்கி நானே கோத்துத் தாரேன்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“வீடியோ பாத்துச் செஞ்சுக்கிடலாம். என்ன பெரிய கப்பலா?”

மே 7, வியாழன்

சாமான்கள் வந்திறங்கின. நாள் முழுக்க அவர் லீவு போட்டிருந்தார். கூடத்தில் பாய் விரித்து, பிள்ளையாருக்கு விளக்கேற்றி, பிளேடும் கையுமாக உட்கார்ந்தார். ஒரு அட்டைப்பெட்டியைக்கூடக் கிழிக்கவில்லை. ஒட்டுநாடாவின் நடுவில் பிளேடை வைத்து ஒரு கோடு, அவ்வளவுதான், பெட்டி தானாகத் திறந்துகொள்கிறது. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றிருந்தது. வேலை இருந்ததால் எழுந்து போனேன்.

புளிக்குழம்பு வைத்துவிட்டு வந்து பார்த்தால் பாதி முடிந்திருந்தது. பச்சைப் பலகையில் பிராசஸரை உட்கார்த்தியிருந்தார். ஒரு கட்டை விரல் நகம் அளவுக்குத்தான் அதற்குள் மூளை இருக்கிறதாம். படத்தின் ஒவ்வொரு துணுக்கையும் கணக்குப் போட்டு விரித்துக் காட்டுவது அதுதானாம். அதன் தலையில் ஏதோ வெள்ளைப் பசையைத் தடவினார். அதற்கு மேல் விசிறி வைத்த ஓர் உலோகக் கட்டி. கூலர் என்று பெயர். பிராசஸர் சூடாகிவிடாமல் அது பார்த்துக்கொள்ளும்.

கூலரைப் பொருத்துவதற்கு முன்னால் அதைத் தலைகீழாகப் புரட்டி எனக்குக் காட்டினார்.

“பாத்தியா வசு, யாரும் பாக்காத எடம், அடிப்பக்கம். அதுலயும் தாள் ஒட்டி அனுப்பிருக்கான். செகப்பு எழுத்துல என்னமோ போட்டிருக்கு, சீன பாஷை. என்ன அக்கறை! எங்க ஆபீஸுக்கு வார சரக்குல ஒருத்தனுக்கும் இந்தப் புத்தி கெடையாது.”

“அழகா இருக்கு” என்றேன்.

“அந்த வீடியோவுல ஒரு பையன் எல்லாத்தையும் சர்ரு சர்ருன்னு பிச்சு எறியுதான். பாக்கவே வயித்தெரிச்சலா இருந்துச்சு. சத்தத்த அணைச்சுட்டு, எங்க திருகணும்ங்கிறத மட்டும் பாத்துக்கிட்டேன்.”

மானிட்டரிலும் உறை, கேபினெட்டின் கண்ணாடியிலும் உறை. எல்லாம் அப்படியே இருக்க, மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. அவருக்கு வாயெல்லாம் பல். அண்டாவைக் கவிழ்த்த மாதிரி விசிறி இரைந்தது.

“என்ன உழைப்பு உழைக்குது பாரு” என்றார்.

மே 8, வெள்ளி

காலையில் உட்கார்ந்தேன். பனி பெய்தது! வாகான பனி. ஒவ்வொரு துகளும் தனித்தனியாக, அவசரமில்லாமல் இறங்கியது. வெளியே அக்கினி நட்சத்திரம் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே எனக்குச் சில்லென்று இருந்தது. அவர் ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன். போனிலேயே அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வது கேட்டது.

போனை வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன்காரன் கதவைத் திறக்கும்போது அந்தரத்தில் நின்றான். பனியும் நின்றது.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மே 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சாமான் கொடுத்த கடைக்காரர் ஜெபராஜுக்கு அவர் போன் போட்டார். ரேம் பற்றாது, இன்னொன்று போடுங்கள் என்று பதில். போட்டார். தொடக்கத்தில் ஓடுகிறது, பிறகு திக்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி நன்றாக ஓடுகிறது. அதுவும் டீக்கு ஏங்குகிறதோ என்னவோ.

மே 12, செவ்வாய்

முதல் எபிசோடை எப்படியோ முடித்து அனுப்பினேன். திக்கும்போதெல்லாம் எழுந்து போய் ஒரு வேலை பார்த்துவிட்டு வந்தேன். இப்படியே துணி துவைத்து, அரிசி களைந்து, முருங்கைக்கீரை ஆய்ந்து, வீடு பளபளவென்று இருக்கிறது. நாத்தனார் உலகம்மாள் வந்து பார்த்துவிட்டு, “ஏ வசு, கம்ப்யூட்டரு வந்த பொறவு நல்லாத்தான் வீட்டு வேல பாக்குத” என்றார். இங்கே அவரை மைனி என்று கூப்பிட வேண்டுமாம். கூப்பிடப் பழகிவிட்டது.

மே 14, வியாழன்

எபிசோட் திரும்பி வந்தது. ரெஹானா மேடம் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“பாதிக்கு மேல வரியெல்லாம் லேட்டா வருது வசுமதி. உங்க தமிழ்ல ஒரு குறையும் இல்ல. நேரம்தான் தப்புது. மெஷின் சரியில்லையா?”

“புது மெஷின் மேடம்.”

“அப்ப என்ன பிரச்சினை?”

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். இரண்டாவதும் இப்படித்தான் வரும் என்றால் ஜூன் ஒன்றாம் தேதியை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மாலையில் அவரிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு நேரே போய்க் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, நோயாளியைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு பாதி இலையில் இருந்தது.

மே 16, சனி

ஜெபராஜ் சொன்னபடி, படத்தை வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓட்டாமல், உள்ளே பொருத்திய வேகமான புது டிஸ்க்கில் ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும், பானை பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் வரும் என்பது தத்துவம். வரவில்லை.

“இங்க எடுத்துட்டு வாங்க சார், திறந்து பாத்துருவோம்” என்று ஜெபராஜ் சொல்லியிருக்கிறார். இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

“அவன் ஸ்க்ரூ டிரைவர வச்சுக் கீறிருவான். உறையெல்லாம் பிச்சிருவான். நான் கோத்தது, நானே பாத்துக்கிடுதேன்.”

மைனி வந்து, இது கண்ணேறுதான், வேறொன்றுமில்லை என்று தீர்மானமாகச் சொல்லி, கேபினெட்டின் தலையில் ஒரு படிகாரக் கட்டியைக் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் போனார். படிகாரத்துக்கும் உறை போட வேண்டுமா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

மே 18, திங்கள்

கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை ஜெபராஜ் இரண்டு நாளைக்கு இரவல் கொடுத்தார். அதைச் செருகினோம். எங்கள் நிறுவனம் தந்த மென்பொருள் அந்தக் கார்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எல்லாப் பாரத்தையும் பிராசஸர் தலையில்தான் வைக்கிறது. வந்த வழியே கார்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

இன்று ஒன்று கவனித்தேன். இவர் எனக்குத் தெரியாமல் விடியற்காலை எழுந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தப் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். திக்கியதும் பிள்ளை தடுக்கி விழுந்தாற்போல “அடடா” என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலக் கிடந்தேன். நல்லவேளை புரளவில்லை. மெத்தை காட்டிக் கொடுத்திருக்கும்.

மே 20, புதன்

எனக்குக் கோபம் வந்த நாள். எழுதிவிட்டால் தணியும்.

ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டாராம். முப்பதாம் தேதி, முத்துநகர் எக்ஸ்பிரஸ், கீழ்ப் படுக்கை. என் போனில்தான் அந்த ரயில்வே கணக்கு இருக்கிறது. நான் குளிக்கப் போன நேரம் பார்த்துப் போட்டிருக்கிறார்.

“என்னைக் கேக்க வேணாமா?”

“கடைசி நேரத்துல கெடைக்காது வசு. லீவு முடியுத சமயம். எதுக்கும் இருக்கட்டும்னுதான்.”

“அப்போ நான் போறதா முடிவு பண்ணிட்டீங்க.”

“உன் வேல முக்கியம்லா. என்னால இந்தப் பெட்டிய ஓட வைக்க முடியல. அதுக்காவ நீ இத்தன வருசம் பாத்த வேலய விட்டுட்டு இங்கன உக்காந்து உப்புக் காத்து வாங்கணுமா? நான் சனி ஞாயிறு வாரேன். எத்தன பேரு அப்படி இருக்காங்க.”

நல்ல மனிதர். ரொம்ப நல்ல மனிதர். பெண்டாட்டியைப் பத்திரமாகப் பொட்டலம் கட்டி, சேதமில்லாமல் சென்னைக்கு அனுப்பி, கையெழுத்து வாங்கிக்கொள்வார். “போகாதே” என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. ஆசையாவது, பாசமாவது! நானும் எதுவும் சொல்லவில்லை. நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. கொஞ்ச நேரம் போனைத் தட்டிக்கொண்டு இருந்தேன். பிறகு கீழே வந்து தோசை வார்த்தேன். இன்றைக்கென்று தோசை முறுகலாக, ஓரம் தானாகக் கிளம்பி வந்தது.

மே 21, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. வெயில்.

மே 22, வெள்ளி

மைனி வந்தார். நேராக அடுப்படிக்கு வந்து, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

“ஏ வசு, நீ மெட்ராஸுக்குப் போறியாம்லா.”

“உங்க தம்பிதான் டிக்கெட் போட்டிருக்கார்.”

“அவனா? அவன் நேத்து எங்க வீட்டுக்கு வந்து திண்டாட்டமா உக்காந்திருந்தான். காப்பி குடுத்தேன், ஆறிப்போய்க் கெடந்துச்சு. ‘என்னல’ன்னேன். ‘அக்கா, அவ வந்த பொறவுதான் வீட்டுல ஒரு சத்தம் இருந்துச்சு’ங்கான். ‘இத அவ கிட்ட சொல்லேம்ல’ன்னா, ‘சொன்னா அவ வேலய விட்டுட்டு இருந்துருவா, அது பாவம்’ங்கான். மடப்பய.”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் என்று மைனியிடம் சொன்னேன். அது சின்ன வெங்காயம்கூட இல்லை, காரமில்லாத பல்லாரி.

மே 23, சனி

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் போனது. பராமரிப்பு வேலையாம், சாயங்காலம்தான் வரும் என்றார்கள். அவர் விசிறிமட்டையை எடுத்து எனக்கு வீசுவதா தனக்கு வீசுவதா என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் வீசிக்கொண்டிருந்தார். புதன்கிழமைக்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசவில்லை. நான் சோபாவில் சாய்ந்துவிட்டேன். கண்ணயர்ந்தும்விட்டேன்.

விழித்தபோது முதுகு தீயாக எரிந்தது. எழுந்திருக்க முயன்றால் ஜாக்கெட்டும் முதுகும் சோபாவின் உறையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன. பர்ரென்று பிய்த்துக்கொண்டு எழுந்தேன். புடவை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது.

“இது உட்கார்ற இடமா, இட்லிப் பானையாங்க? உடம்புச் சூடு எங்கதான் போகும்? இந்தக் கர்மம் குறுக்க இருந்தா...”

அங்கே நிறுத்திவிட்டேன். அவர் விசிறிமட்டையோடு என்னைப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் தொடக்கத்தில் நன்றாக ஓடுகிறது. நேரம் போகப் போகத் திக்குகிறது. டீ குடித்து வந்தால், அதாவது அது கொஞ்சம் ஆறினால், மறுபடி ஓடுகிறது.

“என்னங்க,” என்றேன், “அந்த பிராசஸர் மேல ஒரு கூலர் வச்சீங்களே. அதோட அடியில ஒரு தாள் காட்டினீங்களே. செகப்பு எழுத்து.”

“ஆமா.”

“அதை எடுத்துட்டுத்தானே வச்சீங்க?”

அவர் கையில் விசிறிமட்டை நின்றது. கேட்கிற கேள்வியா இது? இந்த மனிதர் வாழ்க்கையில் எந்தத் தாளையாவது எடுத்திருக்கிறாரா?

ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு இழுத்துப் போனோம். அவர் திருகாணிகளைக் கழற்ற, நான் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். கூலர் பசையோடு எழும்பி வந்தது. புரட்டிப் பார்த்தால், இருக்கிறது! வாட்டிய வாழையிலை மாதிரிச் சுருங்கி, நடுவில் பழுப்பேறி, ஆனால் பத்திரமாக, ஓரம்கூடப் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே கூலர் வெட்டியாகச் சுழல, கீழே பிராசஸர் பாவம் வெந்துகொண்டிருந்திருக்கிறது. வேகமாக ஓடினால் எரிந்துபோவோம் என்று தானாகவே நடையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

போனின் கேமராவை அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் காட்டினேன். அது படித்துச் சொன்னது: பொருத்தும் முன் இதை உரிக்கவும்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான் வசு. ரேம்மு இல்ல, கார்டு இல்ல. நாந்தான் கெடுத்தது. நல்லா இருக்கட்டும் நல்லா இருக்கட்டும்னு பாத்து, உன்னையக் கொண்டு மெட்ராஸ்ல விடப் பாத்தேனே.”

முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

“உங்களை மட்டும் சொல்லாதீங்க. திரையில ஒரு மருந்துப் புட்டி ஓரமாத் தெரிஞ்சாக்கூட அதுல என்ன எழுதியிருக்குன்னு தேடித் தேடித் தமிழ்ல போடறவ நான். இவ்வளவு பெரிய செகப்பு எழுத்தை மூக்குக்கு நேரா காட்டினீங்க. ‘அழகா இருக்கு’ன்னேன்.”

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்த் தொட்டியில். அந்தப் பல்லி நான்தான்.

“இந்தாங்க,” என்று கூலரை அவர் பக்கம் நீட்டினேன். “நீங்களே உரிங்க.”

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மூலையை நகத்தால் தூக்கி, மெதுவாக உரித்தார். உள்ளே முகம் பார்க்கலாம் போல உலோகம் மின்னியது. இரண்டு பேர் முகமும் கோணல்மாணலாக அதில் தெரிந்தது.

புதிதாகத் தடவப் பசை வேண்டும். சைக்கிளில் ஜெபராஜ் கடைக்குப் பறந்தார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. ஜெபராஜ் சிரித்திருக்கிறார். ரொம்ப நேரம் சிரித்துவிட்டுப் பசையைச் சும்மா கொடுத்திருக்கிறார்.

கரண்ட் வரக் காத்திருந்தோம். மைனியும் வந்து உட்கார்ந்துகொண்டார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தினேன். விசிறியின் இரைச்சலே இல்லை, ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. எபிசோடைப் போட்டேன். முதல் காட்சி ஓடியது. அதில் யாருக்கும் நம்பிக்கை இல்லை, அது எப்போதும் ஓடும். அண்ணன்காரன் கதவைத் திறக்கும் இடம் வந்தது. அவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்தது. அவன் வெளியே வந்தான். பனி அவன் தோளில் விழுந்தது, தொப்பியில் விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. எழுந்திருக்காமல் கடைசி வரை பார்த்தோம்.

“இம்புட்டுப் பனியில இவளுக ஏன் ஒரு சால்வையப் போத்த மாட்டேங்காளுக?” என்று மைனி கேட்டார். படிகாரம் வேலை செய்துவிட்டதில் அவருக்கு ரொம்பத் திருப்தி.

மே 26, செவ்வாய்

ஒரு நாளும் இப்படி வேலை செய்ததில்லை. முதல் எபிசோடைத் திருத்தி அனுப்பிவிட்டேன், இரண்டாவதும் போய்விட்டது. இவர் சோறு வடிக்கிறார், ரசம் வைக்கிறார். ரசத்தில் உப்பு கூட. உப்புக் காற்று என்று விட்டுவிட்டேன். வீடு குப்பையாகக் கிடக்கிறது. மைனி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மே 29, வெள்ளி

நான்காவது எபிசோடும் போன மறுநிமிடமே உட்கார்ந்த வாக்கில் தூங்கிவிட்டேன். ரெஹானா மேடத்தின் போன்தான் எழுப்பியது.

“வசுமதி, எல்லாம் கச்சிதமா இருக்கு. ஓட்டல் சமையல்கட்டுல டப்பாவுல ஒட்டியிருந்த சீட்டைக்கூட விடல போலிருக்கே! அங்கேயே இருங்க. அடுத்த சீரியல் அனுப்பறேன். ஆமா, மெஷின்ல என்னதான் பிரச்சினை?”

“உள்ள ஒரு தாள் இருந்துச்சு மேடம்.”

அதற்கு மேல் விளக்கவில்லை. வீட்டு விஷயம்.

மே 30, சனி

இன்று மாலை அவர் கடையிலிருந்து அல்வாவோடு வந்தார். இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வேலைக்காக இல்லாமல் வெறுமனே அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டே அல்வா தின்றோம். பாதியில் அவருக்குச் சுருக்கென்று ஞாபகம் வந்துவிட்டது.

“ஐயையோ வசு, மறந்தே போச்சு! டிக்கெட்டு! இன்னைக்கு வண்டில்லா? போனக் கொண்டா, ரத்து செஞ்சுருவோம். இன்னும் நேரம் இருக்கா?”

“அது பண்ணியாச்சு.”

“எப்ப?”

நான் அல்வாவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“நீங்க போட்ட அன்னிக்கே. மொட்டை மாடியில.”

அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. புதன்கிழமைக்குப் பிறகுதான் சனிக்கிழமை. சரக்குப் பார்க்கிறவர், தேதியில் தவற மாட்டார்.

“அன்னைக்கு இது ஓடவே இல்லயே வசு.”

“ஓடல.”

“இது ஓடாமலே போயிருந்தா?”

“ஓடலேன்னா ஓடாது. அதுக்கு நான் ஏன் போகணும்?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து படுக்கையறைக்குள் போனார். நான் மூன்றாவது பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன், பீரோவின் அந்த உயரத் தட்டு அப்படியொன்றும் எட்டாத உயரமில்லை. அவர் மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்து, பிளேடு இல்லாமல், வெறுங்கையால் உறையை டர்ரென்று கிழித்துக்கொண்டிருந்தார்.